தேயிலைத் தூரும் கிளைக் கணக்கும்

பசறையிலிருந்து மடுல்சீமைக்கு ஏறும் பாதையிலே வருகின்றவர்கள், இருமருங்கும் விரிந்து கிடக்கும் தேயிலை மலைகளைக் கண்டு பச்சைக் கம்பளம் என்று வியந்து பேசுவது வழக்கம். கம்பளம் என்ற சொல் அவர்கள் அறியாமலே பொருத்தமாக அமைந்துவிட்டது. கம்பளம் தானாக முளைப்பதில்லை. அதனை யாரோ நெய்திருக்க வேண்டும். தேயிலை இயல்பிலே ஒரு மரம். கத்தி படாமல் விட்டால் அசாம் இனத் தேயிலை முப்பது அடிக்கும் மேலாக ஓங்கி வளரக்கூடியது. அம்மரம் ஒரு பெண்ணின் இடுப்பளவு உயரத்திலே, மேசைப் பலகைபோல மட்டமாக, நூறு ஆண்டுகளுக்கும் மேலாக நிறுத்தி வைக்கப்பட்டிருக்கின்றது. அவ்வாறு நிறுத்தியவை இரண்டு. கிளை பிரிவதற்கு இயற்கையிலே உள்ள ஒழுங்கு ஒன்று. அவ்வொழுங்கினைக் கையால் அறிந்து பயன்படுத்திய மனித உழைப்பு மற்றொன்று. இவ்விரண்டின் வரலாற்றையும் ஒருங்கே வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. தோட்டப்புறப் பாடசாலைகளிலே கணிதம் கற்பிக்கும்போது, எண் தொடர் என்ற பாடம் வருகின்றது. 1, 1, 2, 3, 5, 8 என்று கரும்பலகையில் எழுதுகின்றோம். மாணவர் தம் குறிப்பேட்டிலே பெயர்த்து எழுதுகின்றனர். அந்த எண்கள் எங்கோ இத்தாலியிலே பிறந்து, பரீட்சைத் தாளிலே வாழ்கின்றன என்றே பிள்ளைகள் எண்ணுகின்றார்கள். வகுப்பறையின் சாளரத்துக்கு வெளியே, தம் தாயார் கை வைத்துக்கொண்டிருக்கும் தூரிலும் அவ்வெண்கள் இருக்கலாம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. கணிதம் தமக்கு உரியதன்று என்ற எண்ணம் இவ்வாறுதான் ஒரு சமுதாயத்தின் பிள்ளைகள் உள்ளத்திலே வேரூன்றுகின்றது.

*

மரத்தையும் கனியையும் எண்ணிப் பார்க்கும் ஆவல் நம்மவர்க்குப் புதியதன்று. காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரம் என்னும் பழந்தமிழ்க் கணித நூல், பலாப்பழத்தை அறுக்காமலே அதனுள்ளிருக்கும் சுளைகளின் தொகையை அறிய ஒரு வழி கூறுகின்றது. காம்பினருகேயுள்ள சிறு முட்களை எண்ணி, அத்தொகையை ஆறாற் பெருக்கி, ஐந்தால் வகுத்தால் சுளைகளின் எண் கிடைக்கும் என்பது அதன் முடிபு. முள் 50 ஆனால் சுளை 60.

இன்றைய தாவரவியல் அறிவைக்கொண்டு இதனை ஆராய்ந்தால் உண்மையும் பிழையும் ஒருங்கே புலனாகின்றன. பலாப்பழம் ஒரு பூவிலிருந்து வந்த தனிக்கனியன்று. எண்ணிறந்த பூக்கள் ஒன்றாய்த் திரண்ட கூட்டுக்கனி. மேலே தெரியும் ஒவ்வொரு முள்ளும் ஒவ்வொரு பூவின் முனை. கருவுற்ற பூ சுளையாகின்றது. கருவுறாத பூ நாராய் எஞ்சுகின்றது. எத்தனை பூக்கள் கருவுறும் என்பது மகரந்தம் சேர்ந்த அளவையும் பருவத்தையும் பொறுத்தது. ஆகவே அச்சூத்திரம் ஒரு பழத்திற்குக் கிட்ட வரலாம். மறு பழத்திற்குப் பொய்த்துப் போகலாம். எனினும், முள்ளுக்கும் சுளைக்கும் தொடர்பு உண்டென்று முதன்முதற் கண்டவன், கண்ணாற் பார்த்துக் கையால் எண்ணியவன் என்பதில் ஐயமில்லை. அவனுக்குப் பின்வந்த நாமோ அவன் கணக்கை மனப்பாடம் செய்தோமேயன்றி, பத்துப் பழங்களை அறுத்துச் சரிபார்க்க முற்பட்டோமில்லை. பழமையைப் போற்றுதல் வேறு. பழமையோர் செய்த வேலையைத் தொடர்ந்து செய்தல் வேறு.

கிளைகளோடு தொடர்புடையதாக இன்று பேசப்படும் எண் தொடரும் முதலில் மரத்திலே காணப்பட்டதன்று, செய்யுளிலே காணப்பட்டது. தமிழ் படித்தோர்க்கு மாத்திரைக் கணக்கு நன்கு தெரியும். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்று தொல்காப்பியம் வகுத்துள்ளது. வடமொழி யாப்பிலும் இதை ஒத்தவாறு இலகுவுக்கு ஒரு மாத்திரை, குருவுக்கு இரண்டு மாத்திரை. இனி, நான்கு மாத்திரை கொண்ட ஓர் அடியை எத்தனை வகையாக அமைக்கலாம் என்று கேட்போம். நான்கும் இலகுவாகலாம். ஒரு குருவும் இரண்டு இலகுவும் வரின், குரு முதலிலோ நடுவிலோ இறுதியிலோ நிற்க மூன்று வகை. இரண்டும் குருவாதல் ஒன்று. ஆக ஐந்து வகை. இவ்வாறே ஒரு மாத்திரைக்கு 1, இரண்டுக்கு 2, மூன்றுக்கு 3, நான்குக்கு 5, ஐந்துக்கு 8 என்று எண்கள் வளர்கின்றன.

ஏன் இவ்வாறு வளர்கின்றன என்பதையும் எளிதிலே காணலாம். அடியின் இறுதியில் நிற்பது இலகுவாகவோ குருவாகவோதான் இருக்க முடியும். இலகுவாயின், அதற்கு முன்னுள்ள பகுதி ஒரு மாத்திரை குறைந்தது. குருவாயின், இரண்டு மாத்திரை குறைந்தது. எனவே எந்த எண்ணும் அதற்கு முந்திய இரண்டின் கூட்டுத்தொகையாகின்றது. இந்த நியாயத்தை, கி.பி. ஆறாம் நூற்றாண்டுக்கும் எட்டாம் நூற்றாண்டுக்கும் இடையில் வாழ்ந்த விரகாங்கர் கூறினார். பன்னிரண்டாம் நூற்றாண்டின் நடுவிலே குஜராத்திலிருந்த சமணப் பேரறிஞர் ஹேமசந்திரர் அதனைத் தெளிவாக விளக்கினார். அதற்கு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளின் பின்னர், 1202இல், பீசா நகரத்து லியனார்டோ தம் கணித நூலிலே முயல்கள் பெருகும் கதையாக இதே தொடரை எழுதினார். அவரே பிபொனாச்சி எனப்படுபவர். வணிகக் குடும்பத்திலே பிறந்து வட ஆபிரிக்கத் துறைமுகத்திலே இந்திய எண்களைக் கற்றவர் அவர். தொடருக்கு அவர் பெயரைச் சூட்டியது பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பிரெஞ்சுக் கணிதர் லூக்கா.

இதைக் கூறுவது, எல்லாம் நம் முன்னோரிடத்தே இருந்தன என்று மார்தட்டுவதற்காக அன்று. ஹேமசந்திரர் மரத்தை எண்ணவில்லை, செய்யுளை எண்ணினார். பிபொனாச்சியும் மரத்தை எண்ணவில்லை. மனிதர் ஒரு தேவைக்காகக் கண்ட கணக்கு, வணிகப் பாதையிலே நாடு கடந்து, பிறிதொரு தேவைக்குப் பயன்படுவதே விஞ்ஞானத்தின் வரலாறு. அதற்கு ஒரு தேசத்தையோ ஒரு சாதியையோ உரிமை கொண்டாட விடுவதற்கில்லை.

*

இனி மரத்துக்கு வருவோம். ஒரு நாற்று முளைக்கின்றது என்று கொள்வோம். அதன் ஒவ்வொரு கிளையும் ஆண்டுக்கு ஒரு புதுக் கிளையை ஈனும். ஆனால் புதிதாய்ப் பிறந்த கிளை ஓராண்டு முற்றிய பின்னரே தான் ஈனத் தொடங்கும். முதலாம் ஆண்டு ஒரு கிளை. இரண்டாம் ஆண்டும் ஒன்று. மூன்றாம் ஆண்டு 2. பிறகு 3, 5, 8. ஏழாம் ஆண்டில் 13. செய்யுட் கணக்கே மீண்டும் வந்துவிட்டது. காரணமும் அதுவே. இவ்வாண்டிலுள்ள கிளைகள் என்பன சென்ற ஆண்டுக் கிளைகளும், அதற்கும் முந்திய ஆண்டிலேயே இருந்து இப்போது ஈனும் பருவம் எய்தியவற்றின் புதுக் கிளைகளுமே. முற்றுவதற்குக் காலமே வேண்டாமல் ஒவ்வொன்றும் ஆண்டுதோறும் இரண்டானால் 1, 2, 4, 8 எனப் பெருகி ஏழாம் ஆண்டில் 64 கிளைகள் இருக்கும். 13க்கும் 64க்கும் உள்ள வேறுபாடு, முற்றுவதற்கு எடுக்கும் காலம் என்ற ஒன்றினால் விளைவது.

இது மாதிரிக் கணக்கே என்பதை மறத்தலாகாது. காற்று ஒடிக்கும், நிழல் வாட்டும், புழு அரிக்கும். காட்டிலே நிற்கும் மரமெதுவும் இவ்வெண்களின்படி கிளைகளை எண்ணி வைத்துக்கொண்டு நிற்பதில்லை. ஆயினும் வளர்ச்சியின் விதி சிறியதாகவும் விளைவு பெரிதாகவும் இருக்கலாம் என்பதை இம்மாதிரி காட்டுகின்றது. 1968இலே, ஹங்கேரியிலே பிறந்த தாவரவியலாளர் லிண்டன்மாயர் இவ்வகையான சிறு விதிகளைக்கொண்டே தாவர வளர்ச்சியை எழுதும் முறையொன்றை வகுத்தார். அவர் எடுத்துக்கொண்ட முதல் உதாரணங்களுள் ஒன்றிலே, முதிர்ந்த கலம் ஒன்று முதிர்ந்ததும் இளையதுமாக இரண்டாகும், இளையது முதிரும், அவ்வளவே. கலங்களின் எண்ணிக்கை 1, 2, 3, 5, 8 என்றே வளர்ந்தது. இன்று கணினித் திரைகளிலே வரையப்படும் மரங்களுக்கு அவர் முறை அடிப்படையாயிற்று.

கிளை எங்கிருந்து புறப்படுகின்றது? இலைக் கக்கத்திலுள்ள அரும்பிலிருந்து. ஆகவே இலை நிற்கும் ஒழுங்கே கிளை நிற்கும் ஒழுங்குக்கு வித்து. எண் தொடரை மெய்யாகவே காண விரும்புவோர் கிளைகளைவிட இலைகளைப் பார்ப்பது நலம். இதற்கு ஆய்வுகூடம் வேண்டியதில்லை. ஒரு முழ நூல் போதும். பத்தனைப் புல்லிலே மூன்றாவது இலை முதலாவதன் நேர்மேலே நிற்கும். இடையிலே நூல் ஒரு சுற்றுச் சுற்றும். இரண்டு இலைக்கு ஒரு சுற்று, அதாவது 1/2. ஈரநிலத்துக் கோரையில் மூன்று இலைக்கு ஒரு சுற்று, 1/3. லயத்து வாசலிலே நிற்கும் செம்பருத்தியில் ஐந்து இலைக்கு இரண்டு சுற்று, 2/5; ஆறாவது இலையே முதலாவதன் நேர்மேலே வரும். பப்பாளியில் எட்டு இலைக்கு மூன்று சுற்று, 3/8. மேலெண்களைப் பாருங்கள்: 1, 1, 2, 3. கீழெண்களைப் பாருங்கள்: 2, 3, 5, 8. தேயிலையிலும் இலைகள் தனித்தனியாகத் தண்டைச் சுற்றியே ஏறுகின்றன. அதன் கணக்கைத் தம் கையால் நூல் சுற்றிக் காணும் மகிழ்ச்சியை மாணவருக்கே விட்டுவிடுகின்றோம்.

இவ்வொழுங்கினைக் கண்ட ஐரோப்பியர் பலர். 1611இலே வானியலாளர் கெப்ளர் தாவரங்களுக்கும் இவ்வெண்களுக்கும் உள்ள உறவைக் குறிப்பிட்டார். 1754இல் போனே இலைகளின் சுழற்சியைப் பற்றி நூல் எழுதினார். 1837இல் பிராவே சகோதரர் இருவர், அடுத்தடுத்த இலைகளுக்கிடையேயுள்ள கோணம் ஏறத்தாழ 137.5 பாகையை நாடுகின்றது என்று காட்டினர். மேற்சொன்ன பின்னங்களை 360ஆற் பெருக்கினால் 180, 120, 144, 135 என வந்து, மேலும் செல்லச் செல்ல அந்த 137.5ஐ நெருங்குவதைக் காணலாம்.

இங்கேதான் தத்துவப் போராட்டம் எழுகின்றது. எண்ணிலே இத்துணை ஒழுங்கு இருப்பின், எங்கோ ஓர் அறிவு முன்னதாகவே எண்ணி வைத்து அச்சிலே வார்த்திருக்க வேண்டும் என்று ஒரு சாரார் கூறினர். எண்ணையே தெய்வமாக்கிய பைதகரசின் காலந்தொட்டு வரும் கருத்துமுதல்வாதத்தின் குரல் இது. விடை மரத்தின் நுனியிலேயே இருந்தது. 1868இல் ஜெர்மானியத் தாவரவியலாளர் ஹோவ்மைஸ்டர், புதிய இலைக்கரு, ஏற்கெனவே உள்ள இலைக்கருக்களுக்கிடையே அதிக இடம் எங்குள்ளதோ அங்கு தோன்றுகின்றது என்று கண்டார். 1992இலே டுவடி, குடே என்னும் பிரெஞ்சுப் பௌதிகவியலாளர் இருவர், காந்தத் தன்மையுள்ள திரவத்தைச் சொட்டுச் சொட்டாக ஒரு தட்டின் நடுவிலே விழச் செய்தனர். சொட்டுகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு விலகின. விலகியவை அதே சுருளையும் அதே கோணத்தையும் வகுத்துக்கொண்டன. அத்தட்டிலே உயிர் இல்லை, இலை இல்லை, திட்டமிட்ட அறிவும் இல்லை. இடத்துக்காக நிகழும் தள்ளலே எண்ணை விளைத்தது. விதி பொருளுக்கு வெளியிலிருந்து வந்ததன்று. பொருளின் இயக்கத்திலேயே பிறந்தது.

கிளையின் பருமனுக்கும் ஒரு கணக்குண்டு. மரத்தின் எந்த உயரத்திலும் கிளைகளையெல்லாம் ஒன்றுசேர்த்துக் கட்டினால் அடிமரத்தின் பருமனுக்குச் சமமாகும் என்று, 1519இல் மறைந்த ஓவியர் லியனார்டோ டாவின்சி தம் குறிப்பேட்டிலே எழுதி வைத்தார். பத்து அங்குல விட்டமுள்ள அடிமரம் இரண்டு சமகிளைகளாய்ப் பிரியின், ஒவ்வொன்றும் ஐந்து அங்குலமாக இருக்கும் என்றே மாணவர் உடனே விடை கூறுவர். இருக்கவேண்டியது ஏறத்தாழ ஏழு அங்குலம். ஏனெனில் ஒப்பிட வேண்டியவை விட்டங்கள் அல்ல, குறுக்குப் பரப்புகள்: பத்தின் வர்க்கம் 100, ஏழின் வர்க்கம் 49, இரண்டு 49கள் 98. இதற்குக் காரணம் கூறியவர்களும் ஒரு சாராரல்லர். 1964இல் ஜப்பானிய விஞ்ஞானி ஷினோசாகியும் அவர் துணைவரும், மரம் என்பது வேரிலிருந்து இலைவரை செல்லும் மெல்லிய குழாய்களின் கட்டு என்றும், கட்டுப் பிரிந்தாலும் குழாய்களின் தொகை மாறாதென்றும் விளக்கினர். 2011இல் எலுவா என்ற பிரெஞ்சு ஆய்வாளர், காற்றிலே ஒடியாமல் நிற்பதற்கு ஏற்ற அமைப்பும் அதுவே என்று கணித்துக் காட்டினார். ஆடி, ஆவணியிலே ஊவா மலைகளிலே கச்சான் வீசும்போது தேயிலைக்கு நடுவே நிற்கும் சவுக்கு மரங்களைப் பார்த்தோர்க்கு இரண்டாவது விளக்கம் வியப்பளிக்காது.

*

இனி மடுல்சீமையின் வரலாறு. 1818இலே ஊவா, வெல்லஸ்ஸைக் கிளர்ச்சி நசுக்கப்பட்டது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உரிமை நிரூபிக்கப்படாத காடுகளை அரசின் சொத்தாக்கித் தோட்ட முதலாளிகளுக்கு விற்பதற்கு வழி திறந்தது. தமிழகத்திலிருந்து வந்த கூலிகளின் கைகளால் காடு வீழ்த்தப்பட்டுக் கோப்பி எழுந்தது. நூறு வகை மரங்கள் நூறு வகையாகக் கிளைத்த மலையிலே ஒரே செடி ஒரே இடைவெளியில் நடப்பட்டது. கோப்பியின் இலைகள் தேயிலையைப் போலச் சுழல்வனவல்ல. இரண்டிரண்டாக எதிரெதிரே நிற்பன. அதனையும், பறிப்பவர் கைக்கு எட்டும் உயரத்திலே தலை முறித்தே வைத்தனர்.

1869இலே மடுல்சீமைப் பகுதியிலே கோப்பி இலையின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் துகள் படிந்திருப்பது காணப்பட்டது. பேராதனைத் தாவரப் பூங்காவின் பணிப்பாளர் துவெய்ற்ஸ் அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பூஞ்சணவியலாளர் பார்க்லி அதே ஆண்டிலே அதற்கு ஹெமிலியா வஸ்ராட்ரிக்ஸ் என்று பெயரிட்டார். பிற்பாதிச் சொல்லுக்கு நாசம் செய்வது என்று பொருள். உலகக் கோப்பி வரலாற்றையே மாற்றிய அந்நோய் ஆய்வாளர் கண்ணில் முதன்முதற் பட்டது நம்முடைய இம்மலைகளிலேதான் என்பதை இங்குள்ள பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவர்? 1880 முதல் 1882 வரை இலங்கையிலிருந்து இந்நோயை ஆராய்ந்த மார்ஷல் வார்ட், இடைவெளியின்றி ஒரே செடியை மைல் கணக்காக நட்டதே பூஞ்சணத்துக்கு விருந்து வைத்ததாகும் என்று உணர்த்தினார். இலாபத்தின் கணக்கு இயற்கையின் கணக்கோடு மோதித் தோற்றது. தோல்வியின் சுமை தோட்ட முதலாளியின் தலையிலே மட்டும் விழவில்லை. சம்பளம் நிலுவையிலே நிற்க, கூலிகள் பசியோடு மலையிறங்கினர்.

1867இலே லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரிலே தேயிலை நட்டிருந்தார். கோப்பி சாயவே, அப்பயிர் மலையெங்கும் பரந்தது. ஆனால் கோப்பிக்கு வேண்டியது பழம். தேயிலைக்கு வேண்டியது இளந்துளிர். பழம் ஆண்டில் ஒரு பருவத்துக்குரியது. துளிரோ ஏழெட்டு நாளுக்கு ஒருமுறை வருவது. ஆகவே தேயிலை ஆண்டு முழுவதும் ஆள் கேட்டது. மரத்தின் உடலையே மாற்றியமைக்கவும் கேட்டது.

அம்மாற்றத்தின் சூட்சுமம் நுனியரும்பிலே இருக்கின்றது. உச்சியிலுள்ள அரும்பு உயிரோடிருக்கும்வரை, கீழேயுள்ள கக்கவரும்புகள் பெரும்பாலும் உறங்கிக்கிடக்கும். உச்சியைக் கிள்ளினால் அவை விழிக்கும். நுனியிலிருந்து கீழிறங்கும் ஒட்சின் என்னும் பதார்த்தம் இவ்வுறக்கத்திலே பங்கு கொள்கின்றதென்பதை 1930களிலே திமன், ஸ்கூக் ஆகியோர் சோதனையாற் காட்டினர். தோட்டத்திலே வாழ்நாளெல்லாம் கவாத்து வெட்டி ஓய்ந்த பெரியவர் ஒருவரை வகுப்புக்கு அழைத்து வந்து இதுபற்றிக் கேட்டோம். "உச்சிய வெட்டினாத்தானுங்க மாஸ்டர் பக்கத்துக் கண்ணு முழிக்கும்" என்றார் அவர். பதார்த்தத்தின் பெயர் அவருக்குத் தெரியாது, விதி தெரியும். அவ்விதியை அவருடைய பாட்டனாரும் அறிந்திருப்பார்.

இளஞ்செடியின் நடுத்தண்டை வெட்டுகின்றார்கள். பக்கக் கிளைகள் எழுகின்றன. அவற்றையும் வெட்டுகின்றார்கள். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, தூர் அகலமாகின்றது. பிறகு மட்டக்கம்பு வைத்து ஒரே மட்டத்திலே கொழுந்து எடுக்கின்றார்கள். ஒவ்வொரு முறை ஈரிலையும் ஓர் அரும்பும் ஒடிக்கப்படும்போதும், எஞ்சிய இலையின் கக்கத்திலே அடுத்த துளிர் விழிக்கின்றது. ஆண்டுகள் செல்லச் செல்ல, குச்சிகள் மெலிந்து நெருங்கி, துளிர் சிறுத்துப்போகும். இரட்டிப்புக்கு இடமும் உணவும் எல்லையிடுகின்றன. அப்போது கவாத்து. சாய்வாக, பிளவின்றி, ஒரே வீச்சிலே வெட்ட வேண்டும். மூச்சுக்கென்று இலையோடு ஓரிரு கிளைகளை விட்டுவைப்பதும் உண்டு. வேரிலே மாப்பொருள் சேர்ந்திருக்கின்றதா என்று பார்த்தே வெட்ட வேண்டும். இல்லையேல் தூர் பட்டுப்போகும். 1925இலே தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் இதற்கு அயடீன் பரிசோதனையைச் சொல்லிக்கொடுத்தது. எங்கே கத்தி வைத்தால் எத்தனை கண் விழிக்கும் என்ற கணக்கு மட்டும் என்றும் கவாத்துக்காரரின் மணிக்கட்டிலே இருந்தது.

*

தோட்டத்திலே வேறொரு கணக்கும் உண்டு. அது செக்றோலிலே எழுதப்படுவது. நாள் ஒன்றுக்கு இத்தனை றாத்தல் கொழுந்து, பின்னர் இத்தனை கிலோ என்று விதிக்கப்படும்; கொண்டுவந்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். உதாரணமாக ஒரு நாளைக்கு 18 கிலோ என்று கொள்வோம். ஒரு கொழுந்தின் எடை ஒரு கிராம் என்று கணக்கின் வசதிக்காக வைத்துக்கொண்டால் அது 18,000 கொழுந்து. எட்டு மணித்தியாலம் என்பது 28,800 வினாடி. உண்ணாமல், நீர் அருந்தாமல், மலை ஏறி இறங்காமல், நிறுவைக்கு நில்லாமல் பறித்தாலும் ஒவ்வொரு கொழுந்துக்கும் கிடைப்பது 1.6 வினாடி. அதற்குள்ளே கண் துளிரின் வயதைத் தீர்மானிக்க வேண்டும். முற்றிய இலையை விலக்க வேண்டும். எஞ்சும் அரும்பு அடுத்த சுற்றுக்கு உதவுமாறு விரல் ஒடிக்க வேண்டும். ஆயிரமாயிரம் தடவை இத்தீர்ப்பை வழங்கும் தொழிலாளியைத்தான் பயிற்சியற்ற உழைப்பாளி என்று பொருளாதார ஏடுகள் வகைப்படுத்துகின்றன!

இக்கணக்கிலே யார் எண்ணுகின்றார், யார் எண்ணப்படுகின்றார் என்பதே அடிப்படையான கேள்வி. துண்டு முறை 1921இலே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1927இலே குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தது. ஆயினும் தேயிலையின் பெரும்பகுதியைப் பறித்த பெண்களுக்கு, ஆணுக்குச் சமமான நாட்கூலி 1984இலேதான், அதுவும் வேலைநிறுத்தத்தின் பின்னர்தான், கிடைத்தது. 2021இலே நாட்கூலி 1000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டபோது, பறிக்கவேண்டிய கொழுந்தின் அளவும் கூட்டப்பட்டதென்று பல இடங்களிலே தொழிலாளர் முறையிட்டனர். சமன்பாட்டின் ஒரு பக்கத்தைக் கூட்டும்போது மறுபக்கத்தையும் கூட்டிவிட்டால் என்ன மிஞ்சும் என்பதை ஆறாம் வகுப்பு மாணவனும் கூறுவான்.

இம்மக்களே எண்ணாகிப் பங்கிடப்பட்டதும் உண்டு. 1948இலே குடியுரிமை பறிக்கப்பட்டது. 1964இலே இரு நாட்டுத் தலைவர்கள் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரை 1974இலே பாதிபாதியாகப் பிரித்துக்கொண்டனர். பங்கிடப்பட்டோரின் விருப்பம் அந்த வகுத்தலிலே ஓர் உறுப்பாக இடம்பெறவில்லை. நாடற்றோராய் எஞ்சியிருந்தோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே குடியுரிமை வழங்கியது. எண்ணும் கலை கைக்கு வராத மக்களைப் பிறர் எண்ணிப் பங்கிடுவர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

எண்ணும் கலை ஏன் கைக்கு வரவில்லை? 1907ஆம் ஆண்டின் சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்குப் பள்ளி அமைக்கும் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்தின்மீது சுமத்தியது. பிள்ளையின் உழைப்பிலே இலாபம் காண்பவரிடத்திலேயே பிள்ளையின் கல்வி ஒப்படைக்கப்பட்டது. 1945இலே நாடெங்கும் இலவசக் கல்வி மலர்ந்தபோது தோட்டப் பள்ளிகள் அதன் நிழலுக்கு வெளியே நின்றன. தோட்டங்கள் 1970களிலே தேசியமயமான பின்னரே அப்பள்ளிகள் படிப்படியாக அரசின் பொறுப்புக்கு வந்தன. ஒரு தலைமுறைக்கு மேலான இந்தத் தாமதமும் கிளைக் கணக்கைப் போன்றதே. முற்றுவதற்குக் காலம் மறுக்கப்பட்ட கிளை, அடுத்த கிளையையும் தாமதப்படுத்துகின்றது. இன்று கணித, விஞ்ஞான ஆசிரியரின்றி உயர்தர வகுப்பை நடத்த முடியாத தோட்டப்புறப் பாடசாலைகளுக்குக் காரணத்தை அங்கே தேட வேண்டும்.

*

வசதியில்லாத இடத்திலே விஞ்ஞானம் செய்ய முடியாது என்ற வாதத்திற்கு விடையாக ஒரு வரலாற்றைச் சொல்லி முடிக்க விரும்புகின்றோம். மார்க்ஸியத்திலே ஈடுபாடு கொண்டிருந்த உயிரியலறிஞர் ஜே. பி. எஸ். ஹால்டேன், 1957இலே இங்கிலாந்தை விட்டுக் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு வந்தார். விலையுயர்ந்த கருவிகளில்லாத நாட்டிலும், கண்ணையும் பொறுமையையும் கொண்டு முதல்தரமான ஆராய்ச்சி செய்யலாம் என்பது அவர் கொள்கை. அவரோடு பணியாற்றிய எஸ். கே. ராய் பவழமல்லிப் பூக்களின் இதழ்களை எண்ணினார். டி. ஏ. டேவிஸ் தென்னை மரங்களை எண்ணினார். தென்னையின் ஓலைகள் சில மரத்திலே இடமாகவும், சில மரத்திலே வலமாகவும் சுழல்கின்றன. இடமோ வலமோ தாய்மரத்திலிருந்து பிள்ளைக்குப் பரம்பரையாக வருவதில்லை என்று 1962இலே அவர் வெளியிட்டார். பின்னர், பனை வகை மரங்களின் ஓலைச் சுருள்களிலே மேற்கூறிய எண் தொடர் அமைந்திருப்பதையும் ஆராய்ந்தார். அவர் கருவி ஏறக்குறைய நம் நூல்தான்.

மடுல்சீமையிலுள்ள பாடசாலை ஒன்றுக்கு நூலும் அளவுகோலும் குறிப்பேடும் இல்லாமற் போகா. கவாத்து வெட்டிய தூரொன்றிலே எத்தனை கண் விழித்தன, எத்தனை கிளையாயின, மழை மாதத்திலே எத்தனை, கச்சான் மாதத்திலே எத்தனை என்று ஒரு வகுப்பு மூன்று ஆண்டு எண்ணி எழுதினால் அது விஞ்ஞானமே. எண்ணுவதற்கு வழிகாட்டக் கவாத்துக்காரரும் கொழுந்து எடுக்கும் தாய்மாரும் இருக்கின்றார்கள். அவர்களை வகுப்பறைக்கு அழைப்பதிலே ஆசிரியருக்கு இழுக்கொன்றும் இல்லை. மாணவர்க்கோ, தம் வீட்டிலே அறிவு இருக்கின்றது என்ற துணிவு பிறக்கும். அவ்வாறு கணக்குக் கற்ற பிள்ளை மாலையிலே வீடு திரும்பியதும், தாயின் சம்பளச் சீட்டையும் வாங்கி, அதிலுள்ள கூட்டலையும் கழித்தலையும் ஒருமுறை சரிபார்க்கட்டும்.